கரி டிரம்முக்கு ஒரு இடம்

"தூங்கறவங்க மூஞ்சிக்கும் செத்தவங்க மூஞ்சிக்கும் வித்தியாசம் தெரியுமா பாயம்மா ஒனக்கு?" என்று வேலம்மா ஒரு நாள் ஹமீதுன்னிசாவைக் கேட்டாள்.

கீரைக் கூடையை வாசற்படியில் இறக்கி வைத்துவிட்டு, முளைக்கீரைக் கட்டை உதறிக்கொண்டே கேட்டாள். மழை வருமா என்று கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாக இருந்தது குரல்.  வேலம்மாவே மேலே சொன்னாள்.

"எனுக்குத் தெரியலையேம்மா. எங்க ஊட்டுக்காரரு கரி வண்டிய ஷெட்டுல வுட்டுட்டு கதவ சாத்திகினு உள்ளாறயே குந்திகினு இருந்தாரு. சோறு எடுத்துகினு போறேன், சீட்டுல சாஞ்சிகினு கீறாரு. மூஞ்சி செவசெவன்னு கீது, புது மாப்ள கணக்கா. வண்டி வலிச்ச அலுப்பு, தூங்கட்டும்னு துண்ட எடுத்து மேல போத்திட்டு வந்துட்டேன். எழுப்பலயே நானு! ஈ மொய்க்குதேன்னு விசிறிகூட வுட்டேன்."

சொல்லிவிட்டுக் கீரையைக் கொடுத்து, கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். ஹமீதுன்னிசா கீரையை ஆயாமல் அப்படியே முறத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டு லாரிக்கும் கரி டிரம் வரப்போகிறது என்பது சைதாப்பேட்டையில் அந்தத் தெருவுக்கே தெரிந்த சங்கதி. வேலம்மாவுக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும்.

சண்டைக் காலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று போன வருஷம் ஊரைவிட்டு ஓடியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிவிட்டார்கள். ஆனால் பெட்ரோல் திரும்பவில்லை. கூப்பனை வெட்டிக்கொண்டே வந்தார்கள். பஸ்களெல்லாம் முதுகில் பெரிய இரும்பு அடுப்பைச் சுமந்துகொண்டு, கரியை எரித்து அதில் வரும் கேஸில் ஓடின. ஹமீதுன்னிசாவின் புருஷன் நூர் முஹம்மதுவும் அவனுடைய அண்ணன் குலாம் முஹம்மதுவும் சேர்ந்து வைத்திருந்த லாரி பழசு. மூக்கு நீண்ட வண்டி. டிரைவர் உட்காரும் இடத்துக்கு இரண்டு பக்கமும் பாதிக் கதவுதான், கண்ணாடி கிடையாது. தம்பி ஓட்டுவான், அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். திருவான்மியூர் தாண்டி பாலவாக்கத்துச் சவுக்குத் தோப்புகளுக்குப் போய், மணலில் சக்கரம் புதைந்தால் பலகை போட்டு ஏற்றி, விறகு கட்டிக்கொண்டு அடையாறு பாலம் வழியாக மயிலாப்பூர் பொன்ராஜ் நாடாரின் விறகுத் தொட்டிக் கடையில் கொண்டுவந்து இறக்குவார்கள். கூப்பன் பெட்ரோலில் வாரத்தில் பாதி நாள் வண்டி வாசலிலேயே நின்றது. வண்டி நின்றால் அந்த வீட்டில் அடுப்பும் யோசித்துத்தான் எரியும்.

ஜும்மா தொழுகை முடிந்த பிற்பகலில் மெக்கானிக் வெள்ளைத்துரை தள்ளுவண்டியில் டிரம்மைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினான். ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு டிரம், வளைந்து நெளிந்த குழாய்கள், தேங்காய் நார் திணித்த பில்டர், கையால் சுற்றுகிற ஊதுகுழல். எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்தபோது, தெருப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். பொன்ராஜும் வந்திருந்தார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, டிரம்மை ஒரு மாட்டைப் பார்ப்பதுபோல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

ஹமீதுன்னிசா சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்று ரேஷன் கோதுமை மாவில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கல்லில் ரொட்டி உப்பியது. காது வெளியே இருந்தது.

"பாய், எடம் மூணுதான்" என்றான் வெள்ளைத்துரை. தெற்கத்திக்காரன், பொன்ராஜின் ஊர்ப்பக்கம். "மூக்குல வைக்கலாம், முதுகுல வைக்கலாம், விலாவுல வைக்கலாம்."

"ஒவ்வொண்ணா சொல்லு நைனா" என்றார் குலாம்.

"மூக்குல வச்சா முன் அச்சு தாங்காது. பழைய அச்சு பாத்தியளா, ஸ்டியரிங்க் ஒரு பக்கமா இழுக்கும். முதுகுல, பஸ்ஸுக்கு வைக்கிற மாதிரி வைக்கலாம். ஆனா குழாய் நீளமாகும். காலையில எஞ்சின் கெளம்புறதுக்குள்ள ஊதி ஊதி தோள்பட்டை களண்டுரும். ஏத்துறது வேற வெறகு. ஒரு பொறி தெறிச்சா?"

"விலாவுல?"

"இடது கதவுக்குப் பின்னால, படியை வெட்டிட்டு நிறுத்திரலாம். எஞ்சினுக்குப் பக்கம், நல்லா இழுக்கும். ஆனா பக்கத்துல ஆளு உக்காரணும்லா. சூடு ஒண்ணு. அந்த விஷக் கேஸு ஒண்ணு. அது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது."

"ஏலே, பாயை எதுக்குப் பயங்காட்டுத?" என்றார் பொன்ராஜ். "முதுகுல அடுப்பை வச்சா அந்த எடத்துல கட்டுற வெறகு என்னாவுறது? தொட்டியில சனம் வரிசை கட்டி நிக்கி. பாரம் கொறைஞ்சா எனக்குக் கட்டாது பாய். வேற வண்டிதான் பாக்கணும். தப்பா நெனைக்காதீங்க."

"இதுல தப்பா நெனைக்க இன்னா கீது நாடாரே" என்றார் குலாம். ஆனால் முகம் சுருங்கிவிட்டது.

ஹமீதுன்னிசா ரொட்டியைக் கல்லிலேயே விட்டுவிட்டு மகள் வஜீஹாவைக் கூப்பிட்டாள். அந்தக் குடும்பத்தில் புருஷனுடைய அண்ணனோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் இல்லை. குரலும் அவர் காதில் விழக் கூடாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அவரிடம் சொல்ல வேண்டியதெல்லாம் சுவரிடம் சொன்னாள், கதவிடம் சொன்னாள். வஜீஹாவுக்குப் பேச்சு வந்த பிறகு அவளிடம் சொன்னாள். அவரும் அப்படித்தான். அதில் இரண்டு பேருக்கும் ஒரு மரியாதை இருந்தது, குழந்தைக்கு ஒரு பெருமை இருந்தது.

வஜீஹா ஓடிப்போய்ப் பெரியப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"பெரியப்பா, அம்மா கேக்குது. வேலம்மா ஊட்டுக்காரரு வண்டியிலயும் பக்கத்துலதான் டிரம்மு இருந்துச்சாமே? அதனாலதானே மவுத்தாயிட்டாரு? அப்பறம் எனுக்கு கமர்கட்டு வாங்கித் தரச் சொல்லிச்சு."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நூர் முஹம்மது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

குலாம் குழந்தையின் தலையில் கை வைத்துச் சொன்னார்: "உங்கம்மாகிட்ட போய் சொல்லு. அந்த ஆளு ஷெட்டு கதவ சாத்திகினு உள்ள குந்திகினு இருந்தான். நம்ம வண்டி நாலு பக்கமும் தொறந்து கீது. காத்து பிச்சிகினு போவும். பயப்பட வாணாம்னு சொல்லு."

"அது நெசந்தான்" என்றான் வெள்ளைத்துரை. "ஓடும்போது எஞ்சின் எல்லாத்தையும் உறிஞ்சிக்கிடும். நிக்கும்போதுதான் கொழாய் மூட்டுல கசியும்."

"நின்னா எறங்கிட்டுப் போறோம். வேற இன்னா?"

கல்லில் இருந்த ரொட்டி கருகிவிட்டது. சாயங்காலத்துக்குள் இடது படியை வெட்டி, டிரம்மை நிறுத்தி, போல்ட்டை முறுக்கிவிட்டார்கள். மறுநாள் காலை கரி கொட்டி, பற்றவைத்து, குலாம் ஊதுகுழலைச் சுற்றோ சுற்றென்று சுற்ற, வண்டி இருமிக்கொண்டு கிளம்பியபோது தெருவே கைதட்டியது. ஹமீதுன்னிசா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு துவா ஓதினாள்.

கொஞ்ச நாள் ஒன்றும் ஆகவில்லை. பயமும் பழகிவிடும்போல இருந்தது. பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அண்ணனும் தம்பியும் தெப்பமாக நனைந்து வந்தார்கள். குலாமுக்கு இடது தொடையில் டிரம்மின் சூடு பட்டுக் கொப்புளம் வந்திருந்தது. ஒரு பக்கம் மழையும் மறு பக்கம் நெருப்புமாக மனிதன் உட்கார்ந்து வருகிறாரே என்று ஹமீதுன்னிசாவுக்கு மனசு கேட்கவில்லை. சாக்கைப் பிரித்து, பழைய தார்ப்பாயை வெட்டி இரண்டையும் சேர்த்து வைத்து, கோணி ஊசியால் இரட்டை நூல் போட்டுத் தைத்தாள். இடது பக்கம் தொங்கவிட ஒரு திரை, முதுகுப் பக்கத்துச் சந்துக்கு இன்னொன்று. நாலு மூலையிலும் கட்டுக் கயிறு. காற்று எவ்வளவு அடித்தாலும் அவிழாது.

குலாம் அதைக் கட்டிப் பார்த்துவிட்டு வஜீஹாவிடம் சொன்னார்: "உங்கம்மா கைவேல ஜோருன்னு சொல்லு. இப்ப சூடும் இல்ல, சாரலும் இல்ல. நவாப்பு வூட்டு சாரட்டு மாதிரி கீது."

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடியதே தெரியவில்லை.

பிறகுதான் அவர்கள் சாப்பாட்டைத் தள்ளிவைக்க ஆரம்பித்தார்கள். கருவாட்டுக் குழம்பு வைத்தாலும் நூர் முஹம்மது இரண்டு வாய் தின்றுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொள்வான்.

"தல வலிக்குது ஹமீதா. குமட்டுது."

"மழையில நனைஞ்சது. மொளகு ரசம் வெச்சித் தரேன்."

"திரை கட்டிகினப்பறம் எங்க நனையறேன்?" என்பான். பிறகு படுத்துவிடுவான்.

குலாமும் தொழுகைக்கு எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவள் பார்த்தாள். கரி வாடைதான், பித்தம்தான் என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டார்கள். நூர் தூங்கும்போது அவள் விளக்கைக் கிட்டே கொண்டுபோய் அவன் முகத்தைப் பார்ப்பாள். சிவந்திருக்கிறதா, எப்போதும் போலத்தானா என்று தெரியாது. விளக்கு வெளிச்சத்தில் எந்த முகம்தான் சிவப்பாக இல்லை? மூக்கருகே புறங்கையை வைத்து மூச்சுப் பட்டதும்தான் நகருவாள்.

மயிலாப்பூரில் அவள் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கிற நாளன்று காலையில் வானம் பிளந்ததுபோல் மழை. ஒரு ஜட்கா வண்டிகூட கிடைக்கவில்லை. முந்தின நாள் ஏற்றிய விறகோடு லாரி வாசலில் நின்றது. தொட்டியும் மயிலாப்பூரில்தானே, வண்டியிலேயே போய்விடலாம் என்றான் நூர்.

"முன்னால அவங்க குந்தட்டும். நான் மேல வெறகு மேல வரேன்" என்று குலாம் வஜீஹாவிடம் சொல்லிவிட்டு, தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார்.

ஆண்கள் பார்வையில் படாத கோஷா வீட்டுப் பெண் முன் சீட்டில் உட்கார்ந்தால் மவுண்ட் ரோடே பார்க்கும். அதனால் ஹமீதுன்னிசா தைத்த திரை இடது பக்கம் இருக்க, வலது பக்கமும் நூர் ஒரு படுக்கை விரிப்பைக் கட்டினான். முதுகுப் பக்கத்துச் சந்தில் அவளே ஒரு துணியையும் திணித்தாள். முன்னால் கண்ணாடி மட்டும். நெருக்கியடித்துக்கொண்டு மூன்று பேரும் ஏதோ பெட்டிக்குள் உட்கார்ந்ததுபோல இருந்தது. வஜீஹாவுக்குக் குஷி. காலை ஆட்டிக்கொண்டு, சித்தி குழந்தைக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

தேனாம்பேட்டைத் தோட்டங்களுக்குப் பக்கத்தில் போலீஸ்காரன் கை காட்டி நிறுத்தினான். பட்டாளத்து லாரிகள் வரிசையாக வந்தன. பச்சைத் தார்ப்பாய் போட்ட வண்டிகள், ஒன்றன் பின் ஒன்றாக, முடிவே இல்லாமல். மழைத் தண்ணீர் கண்ணாடியில் வழிந்தது. எஞ்சின் கொஞ்ச நேரம் உறுமிவிட்டு நின்றது.

"போவட்டும். அப்பறம் ஊதிக்கலாம்" என்றான் நூர். வழக்கமாக நின்றதும் இறங்குகிறவன், அந்த மழையில் பெண்டாட்டி பிள்ளையை விட்டு எங்கே இறங்குவான்? ஸ்டியரிங்கின் மேல் கையைப் போட்டு அதன்மேல் தலையைச் சாய்த்தான்.

வஜீஹா மடியில் சுருண்டு தூங்கிப்போனாள். உள்ளே கதகதப்பாக இருந்தது. ஹமீதுன்னிசாவுக்கு நெற்றிப் பொட்டில் லேசாக விண்விண் என்றது. தங்கை வீட்டில் பிரியாணிக்கு அரிசி கிடைத்திருக்குமா என்று நினைத்தாள். பிறகு, தங்கையின் பெயர் என்ன என்று யோசித்தாள். அது வரவில்லை. அதில் அவளுக்கு ஆச்சரியமே இல்லை. எவ்வளவோ நாளாகத் தூங்காத மாதிரியும், இப்போதுதான் யாரோ தலையணை கொடுத்த மாதிரியும் இருந்தது.

தலைக்கு மேல் டம் டம் என்று சத்தம்.

"நூரு! பட்டாளம் போயி எம்மா நேரம் ஆவுது. எடுடா வண்டிய!"

குலாமின் குரல். அது எங்கேயோ ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்தது. நூர் அசையவில்லை. அவனுடைய கன்னம் அவள் பக்கமாகத் திரும்பியிருந்தது. செவசெவ என்றிருந்தது, நிக்காஹ் அன்றைக்கு இருந்ததுபோல. நல்லா இருக்காரே என்றுதான் முதலில் தோன்றியது அவளுக்கு.

அடுத்த நொடியில் வேலம்மா போர்த்திய துண்டு ஞாபகம் வந்தது. 

கையை உயர்த்திப் பார்த்தாள். கை வரவில்லை. வஜீஹாவைக் கிள்ளினாள்; விரலில் பலமில்லை, குழந்தை முனகவும் இல்லை. குலாம் இறங்கி வந்துவிட்டார். இடது திரைக்கு வெளியே அவருடைய செருப்பு சேற்றில் சொத சொத என்று நகர்ந்தது.

"நூரு! இன்னாடா? வஜீஹா! கண்ணு, அப்பாவ எழுப்பு!"

ஒரு சாக்குத் துணிதான் இடையில். அதை விலக்கினால் போதும். அவர் விலக்கவில்லை. உள்ளே தம்பி பெண்டாட்டி இருக்கிறாள். திரைக்கு வெளியே நின்று மறுபடி மறுபடி குழந்தையைத்தான் கூப்பிட்டார். ஹமீதுன்னிசாவும் குழந்தை பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். வழக்கம் அவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது. குழந்தை எழுந்திருக்காது என்பது புரிய அவளுக்கு நேரமானது.

திரையின் மேல் சாய்ந்து தள்ளினாள். இரட்டை நூல் தையல். நாலு மூலையும் முடிச்சு. இம்மியும் அசையவில்லை.

"பாய்ஜான்!"

அண்ணா என்று அவரை நேராகக் கூப்பிட்டது குரலாக வந்ததா, மூச்சாக வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. வெளியே செருப்புச் சத்தம் நின்றது.

"பாய்ஜான், கிழிங்க!"

விறகுக் கயிறு அறுக்கிற கத்தி சாக்கின் நடுவில் புகுந்து கீழே இறங்கியது. மழையும் வெளிச்சமும் காற்றும் ஒன்றாக அவள் முகத்தில் அடித்தன. குழந்தையைப் பிடுங்கியது யார், அவளை இழுத்து நடைபாதையில் உட்கார வைத்தது யார் என்று எதுவும் ஞாபகமில்லை. தலையில் முக்காடு இல்லாமல், நடு மவுண்ட் ரோட்டில், மழையில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். தோட்டக்காரர்கள் நூரைக் கையும் காலுமாகத் தூக்கி வந்து வாழைத்தோப்பு ஓரத்தில் கிடத்தினார்கள். குலாம் தம்பியின் கன்னத்தில் அறைந்து அறைந்து, "மூச்சு வுடுடா, மூச்சு வுடுடா" என்று அழுதார். முதலில் வஜீஹா வீறிட்டாள். ரொம்ப நேரம் கழித்து நூர் கண்ணைத் திறந்து, பட்டாளம் போயிடுச்சா என்று கேட்டான்.

மறுநாள் பிற்பகல். மழை விட்டிருந்தது. நூர் பாயில் படுத்திருந்தான். எழுந்தால் தலை சுற்றியது. வஜீஹா கஞ்சி குடித்துவிட்டு அவன் பக்கத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். விஷயம் கேள்விப்பட்டு வெள்ளைத்துரை வந்திருந்தான். பொன்ராஜும் சாத்துக்குடிப் பையோடு வந்து முன்கட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்வாசலில் தொங்கிய திரைக்குப் பின்னால் ஹமீதுன்னிசா நின்றாள்.

"கொழாய் மூட்டுல நெகிழ்ந்திருக்கு பாய்" என்றான் வெள்ளைத்துரை. "அதைவிட, இப்படி மூடிக் கட்டிட்டீங்களே. நான் காத்துப் போகும்னுலா விலாவுல வச்சேன்."

"திரைதான் காரணம்" என்றார் குலாம்.  "அத எடுத்துட்டா போச்சு. மூட்ட இறுக்கி வையி. டிரம்மு அங்கயே இருக்கட்டும்."

"அதான் நல்லது" என்று பொன்ராஜ் பெருமூச்சு விட்டார். "நேத்துலேருந்து எனக்கு ஈரக்கொலையே ஆடிப்போச்சு பாய். கடவுள் காப்பாத்துனான். திரை இல்லாம ஓட்டுங்க, சுமையும் கொறையாது."

ஹமீதுன்னிசா திரும்பிப் பார்த்தாள். வஜீஹாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு சீராக வந்தது. அந்தத் தூக்கத்தைக் கலைக்க அவளுக்கு மனம் வரவில்லை. சுவரைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"பாய்ஜான். திரைய தெச்சது நான்தான்."

 நூர் தலையைத் தூக்கினான்.

"இன்னிக்கி எடுத்துடுவீங்க. நாளைக்கி மழ வரும். தொட கொப்பளிக்கும். ஒரு நாளு நீங்களே கட்டிக்குவீங்க. இல்லாங்காட்டி நானே பாவம்னு இன்னொண்ணு தெச்சித் தருவேன். டிரம்மு பக்கத்துல இருக்கறவரைக்கும் திரை வரும் பாய்ஜான்."

"பின்னால வெச்சா நெருப்பு..." என்று வெள்ளைத்துரை ஆரம்பித்தான்.

"நெருப்பு புடிச்சா கண்ணுக்குத் தெரியும். வாடை வரும். கத்துவாங்க, குதிப்பாங்க. எனுக்கு அந்த பயமே போதும்." திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே சொன்னாள். "நேத்து எனுக்கு நல்லா இருந்துச்சு பாய்ஜான். தூக்கம் வந்துச்சு. இவரப் பாத்து, நல்லா கீறாருன்னு நெனச்சேன். எம் புள்ள உசுரு மடியில போய்க்கினு இருந்துச்சு, எனுக்கு நல்லா இருந்துச்சு."

குலாம் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தாடியில் கை போனது, அங்கேயே நின்றது. தான் சாக்குத் துணிக்கு வெளியே நின்ற நேரத்தை அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கலாம். தம்பி பெண்டாட்டி இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"வெள்ளத்துர" என்றார் கடைசியில். "கழட்டு. முதுகுல போவட்டும். டிரம்முக்கும் வெறகுக்கும் நடுவுல தகரம் அடிச்சிக் குடு. எவ்ளோ எடம் போனாலும் போவட்டும்."

வெள்ளைத்துரை பொன்ராஜைப் பார்த்தான். பார்க்காததுபோலப் பார்த்துவிட்டு, கருவிப் பையை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினான். சற்று நேரத்தில் இரும்பில் இரும்பு தட்டும் சத்தம் கேட்டது. துருப்பிடித்த போல்ட் ஒன்று கிறீச்சிட்டுச் சுழன்றது.

"நாடாரே..." என்றார் குலாம்.

பொன்ராஜ் எழுந்தார்.  நல்ல மனிதர்தான், அந்த வீட்டில் எத்தனையோ நோன்புக் கஞ்சி குடித்தவர். சாத்துக்குடிப் பையை நாற்காலியில் மெதுவாக வைத்தார். அது சரிந்து ஒரு பழம் உருண்டது. குனிந்து எடுத்துப் பைக்குள் போட்டார். மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படி இறங்கினார். லாரியின் பின்பக்கம் வந்ததும் ஒரு நிமிஷம் நின்று, விறகு கட்டும் இடத்தைக் கண்ணால் அளந்தார். பிறகு சேற்றை விலக்கி விலக்கிக் கால் வைத்து, தெருமுனை திரும்பிப் போய்விட்டார்.